குறை சொல்லாத குடித்தனக்காரர்

மழை பெய்கிற நாளைவிட, மழை வந்து வாசலில் நின்றுகொண்டு உள்ளே நுழையாத நாளே மனத்துக்குப் பெரும் பாரம். கருக்கொண்ட முகில்கள் நகரத்தின் மேல் கவிந்து, பொழியவும் மனமின்றி, விலகவும் மனமின்றித் தங்கியிருந்தன. காற்று மூச்சடக்கி நின்றது. மரங்களில் ஓர் இலையும் அசையவில்லை. சுவர்கள் வியர்த்தன; மரக்கதவுகள் ஈரத்தால் பருத்துத் தத்தம் நிலைகளோடு பிணங்கின. படைத்தவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்திக்கொண்டதைப் போன்றதொரு மௌனம் தெருவெங்கும் பரவியிருந்தது.

அத்தகைய ஒரு காலைப்பொழுதில்தான் ஊசியம்மாவின் கைப்பேசி ஒலித்தது.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. வேலைக்குக் கிளம்புற நேரத்துல கூப்பிடறேன்." கீழ்வீட்டுப் பெண்ணின் குரல். "தொட்டில்ல மண்ணு விழுதுக்கா."

"மண்ணா? எங்கேருந்து?"

"மேலேருந்து. மாவு சலிச்ச மாதிரி. துடைச்சுட்டுத் திரும்பினா மறுபடியும் விழுது. பாப்பா கண்ணைக் கசக்குறா."

ஊசியம்மா எடுத்து வைத்த காலணியை மாட்டாமலே ஒரு கணம் நின்றாள்.

இரத்தப் பரிசோதனை நிலையத்தில் நெடுங்காலம் ஊசி பிடித்த கை அவளுடையது. அவள் குத்தினால் குழந்தைகள்கூட அழுவதில்லை. அதனால் வந்த பெயர் ஊசியம்மா. அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். பாதி வாழ்நாளைப் பிறர் வீடுகளில் வாடகைக்குக் கழித்து, இரண்டறை கொண்ட சிறு வீடொன்றைச் சொந்தமாக்கிக்கொண்டவர்கள். ஓய்வுக்காலத்துக்கு ஓர் ஊன்றுகோல் வேண்டுமென்று, சென்ற கோடையில் அந்தச் சொந்த வீட்டையே வங்கியில் அடகு வைத்து, மூன்று குடித்தனம் கொண்ட மாடிவீடு ஒன்றை வாங்கினார்கள்.

வாடகை வந்தால் தவணை தானே அடையும். வராவிட்டால் வாங்கிய வீடும் போகும், வாழ்கிற வீடும் போகும். கீழே பின்பக்கக் குடித்தனம் ஏற்கெனவே காலியாகக் கிடந்தது. "பூச்சு காயலை, காயட்டும்" என்று சொல்லிச் சாவியைத் தம் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தார் ஓட்டுநர். ஆக, கீழே முன்பக்கத்தில் இந்த இளங்குடும்பமும் மாடியில் ஒற்றை மனிதர் ஒருவருமாக இரண்டு வாடகைகளைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் மூச்சு விட்டார்கள்.

அந்த மாடிவீட்டுக்காரரைப் போல ஒரு குடித்தனக்காரர் கிடைப்பது அரிது என்பது ஊசியம்மாவின் எண்ணம். வாடகை தேதி தவறாது. குழாய் ஒழுகுகிறது, தாழ்ப்பாள் ஆடுகிறது என்று ஒருநாளும் அழைத்ததில்லை. குறை என்ற சொல்லே அவர் அகராதியில் இல்லை.

அவர் குடியிருக்கும் பகுதியின் உட்புறத்தை அவள் இன்றுவரை பார்த்ததுமில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அவள் சிறுமியாக இருந்தபோது, வீட்டுச் சொந்தக்காரர் கதவைத் தட்டாமலே உள்ளே வருவார். சுவரைத் தட்டிப் பார்ப்பார். அடுப்படிவரை போய், கொதிக்கிற பாத்திரத்தின் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடிவிட்டுப் போவார். அப்போது அம்மா தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். அந்தக் குனிந்த தலையை ஊசியம்மாவால் மறக்க முடியவில்லை. நாம் ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரி ஆனால், குடியிருப்பவர் கதவைக் கேட்காமல் தாண்டமாட்டோம் என்று அன்றே நெஞ்சில் எழுதிக்கொண்டாள்.

வீடு வாங்குமுன் மாடியைக் காட்ட விற்றவரால் முடியவில்லை. குடியிருப்பவர் வெளியூர் போயிருந்தார். "பூட்டை உடைச்சா பார்க்கப் போறோம்? மனுஷன் குடியிருக்கிற இடம், கடைக் கண்ணாடி இல்ல" என்று அவளே சொல்லிவிட்டாள். வாங்கிய பிறகு எழுதிய ஒப்பந்தத்திலும், மூன்று நாள் முன்னறிவிப்பின்றி உரிமையாளர் உள்ளே வரலாகாது என்றொரு நிபந்தனையைத் தானாகவே சேர்த்தாள். எந்தச் சொந்தக்காரரும் தன் கையைத் தானே இப்படிக் கட்டிக்கொண்டதில்லை என்று ஒப்பந்தம் எழுதியவர் சிரித்தார்.

இன்று அந்தச் சிரிப்பு ஏனோ நினைவுக்கு வந்தது.

* * *

தம்பி தன் சிறிய வேனோடு தெருமுனையிலேயே காத்திருந்தான். பழைய கார்களை வாங்கி விற்கிறவன். எந்த நசுங்கலையும் சாயத்தால் மறைக்கலாம் என்று நம்புகிறவன். இந்த வீட்டைக் கண்டுபிடித்துத் தந்தவனும் அவனே.

"என்னக்கா, காலங்காத்தால போன்ல குரல் நடுங்குது? மழைக்காலம்னா நாலு பொட்டு மண்ணு விழத்தான் செய்யும். ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பூசினா முடிஞ்சுது."

"பார்த்துட்டுச் சொல்லு."

"மாமாகிட்ட சொன்னியா?"

"வண்டியில இருக்கார். எடுக்கமாட்டார்."

"எடுத்தாலும் என்ன சொல்லப்போறார்? யோசிக்கலாம்பார். மாமா வண்டியில பிரேக் மட்டும்தான்க்கா வேலை செய்யும், ஆக்ஸிலேட்டரைக் கழட்டி வீட்லயே வச்சுட்டார்."

ஊசியம்மா சிரிக்காமல் வேனில் ஏறினாள்.

கீழ்வீட்டுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அவள் கணவன் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவன். வந்து படுத்தவன் எழுந்து, தூக்கம் கலையாத கண்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தான்.

"உள்ளே வரலாமா?" என்று கேட்டாள் ஊசியம்மா.

"என்னக்கா இது, உங்க வீடு."

"உன் வீடும்மா. வரலாமான்னு கேட்டேன்."

தொட்டிலின் மேல்விரிப்பில் மெல்லிய சாம்பல் நிறத் தூள் படிந்திருந்தது. ஊசியம்மா தலை நிமிர்ந்தாள். கூரையின் நடுவில் மயிரிழை போன்ற ஒரு கோடு புறப்பட்டு, பின்பக்கச் சுவரை நோக்கிப் போயிற்று. போகப் போக அது தடித்தது. நோயாளியின் முழங்கையில் நரம்பைத் தேடிப் பழகிய அவள் கண், கோடு சுவரோடு சேருமிடத்தில் கூரை சற்றே தொய்ந்திருப்பதைக் கண்டுகொண்டது.

"இந்தக் கதவும் ஒரு வாரமா சாத்த மாட்டேங்குதுக்கா. ஈரத்துல பருத்துடுச்சுன்னு நினைச்சோம்."

"ஏன்மா என்கிட்ட சொல்லல?"

பெண் தயங்கினாள். "மேலே இருக்கறவர் எதுவுமே சொல்றதில்லன்னு நீங்க பெருமையா சொல்வீங்க. நாங்க மட்டும் தொட்டதுக்கெல்லாம் குறை சொன்னா நல்லாருக்காதேன்னு..."

ஊசியம்மாவுக்கு அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. எத்தனை பேரைத் தான் குத்தியிருந்தாலும் அவளுக்கு இன்றுதான் ஊசியின் முனை தெரிந்தது.

அப்போதுதான் அந்த ஓசை அவள் காதில் விழுந்தது. தேனீக்கூட்டம் சுவருக்குள் குடியிருப்பதைப் போல, தாழ்ந்த, இடைவிடாத முரற்சி. மேலிருந்து வந்தது.

"அது எப்பவும் கேக்குமா?"

"பகலும் ராத்திரியும். பாப்பா அந்தச் சத்தத்துலதான் தூங்குவா."

* * *

மாடிக் கதவை அவள் தட்டினாள். நெடுநேரம் ஓசையில்லை. பிறகு கதவு ஒரு முகத்தின் அளவுக்கு மட்டும் திறந்தது. மெலிந்த மனிதர், விரல்நுனிகள் நீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"சொல்லுங்கம்மா."

"உள்ளே வந்து பார்க்கணும்."

"மூணு நாள் முன்னாடி சொல்லணும்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

தம்பி முன்னே வந்தான். "யோவ், கீழே கூரை பிளந்துட்டிருக்கு, நீ பத்திரம் பேசுற?"

"நீ சும்மா இரு" என்று தம்பியைத் தடுத்த ஊசியம்மா, அந்த மனிதரின் கண்களைப் பார்த்தாள். "நான்தான் எழுதினேன். இல்லைன்னு சொல்லல. கீழே ஒரு குழந்தை தொட்டில்ல மண்ணு விழுது. அந்தக் குழந்தைக்கு மூணு நாள் நோட்டீஸ் யாரும் கொடுக்கல. கதவைத் திறங்க."

அவர் விலகி நின்றார்.

உள்ளே வெளிச்சம் பச்சையாக இருந்தது. அறையா, நீரின் அடித்தளமா என்று ஐயுறத்தக்க பச்சை. சுவரோரமெங்கும் இரும்புச் சட்டங்களில் அடுக்கடுக்காகக் கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றிலும், முரலும் சிறு மோட்டார் ஒன்றிலிருந்து காற்றுக்குமிழ்கள் சரம் சரமாக எழுந்தன. பொன்னிறமும் செந்நிறமும் கருநீலமுமாக மீன்கள் ஓசையின்றித் திரும்பின. நூற்றுக்கணக்கான கண்கள் வந்தவளைப் பார்த்தன. வேறொரு நாளில் கண்டிருந்தால் இறைவன் கைவண்ணத்தை வியந்து கைகுவித்திருப்பாள். இன்று அவள் பார்வை தொட்டிகளின் அடியில் தரையின் மேல் நின்றது. ஓடுகள் நடுவில் குழிந்து, சிந்திய நீரெல்லாம் அங்கே குளமாகத் தேங்கியிருந்தது.

"அடப்பாவி" என்றான் தம்பி, குரல் எழாமல். "ஏரியையே தூக்கி மாடியில வச்சிருக்கான்."

"அலங்கார மீன், குஞ்சு பொரிக்க வச்சுக் கடைகளுக்குக் கொடுக்கறேன். திருட்டுத் தொழில் இல்லம்மா." அவர் குரல் கெஞ்சியது. "குழாய் ரிப்பேர்னு கூப்பிட்டா நீங்க உள்ளே வருவீங்க. வந்தா காலி பண்ணச் சொல்வீங்க. அதான் எதுன்னாலும் நானே சரி பண்ணிக்கிட்டேன்."

குறை சொல்லாத குடித்தனக்காரர்! ஒன்றும் வலிக்கவில்லை என்று சொல்லும் நோயாளியிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்பது அவள் தொழிலின் முதற்பாடம். அதை வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டாள்.

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

"எனக்கா? சத்தியமா தெரியாதுக்கா!"

"நீதானே கொண்டு வந்த இந்த வீட்டை?"

"அவரைத் திட்டாதீங்கம்மா" என்றார் மாடிவீட்டுக்காரர். "அவர் வந்ததே இல்ல. உங்க வீட்டுக்காரர்தான் வந்து பார்த்தாரு. ரெஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடியே. நான் ஊர்லேருந்து திரும்பின அன்னைக்கு."



* * *

செய்தி கேட்டு ஓட்டுநர் வந்தபோது சீருடையைக்கூட மாற்றியிருக்கவில்லை. மனைவி வாசற்படியில் நின்ற நிலையைக் கண்டார். பையிலிருந்து பின்பக்கக் குடித்தனத்தின் சாவியை எடுத்து, தாமே நடந்துபோய்ப் பூட்டைத் திறந்தார்.

பூச்சு எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. அறையின் நடுவே, கூரைக்கும் தரைக்கும் இடையே, பலகைகளைத் தாங்கியபடி இரும்பு முட்டுகள் நின்றன. கட்டிட வேலையில் கூரைக்கு முட்டுக் கொடுப்பார்களே, அதே வகை. ஞாயிறுதோறும் "வீட்டைப் பெருக்கிட்டு வரேன்" என்று சொல்லி அவர் கிளம்பிப் போனது இதற்குத்தான்.

"நடுச்சுவர் இந்த அறையில இருக்கு. இங்க தாங்கினா முன்பக்கமும் நிக்கும்னு நினைச்சேன்" என்றார்.

"எப்பேருந்து தெரியும்?" என்று கேட்டாள் ஊசியம்மா.

"முன்பணம் கொடுத்த மறுநாள். வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி அடியில குனிஞ்சு பார்க்கிற பழக்கம். மனசு கேக்கல, மாடியேறிப் பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினார். "உன்கிட்ட சொல்லத்தான் வந்தேன். நீ இந்த வாசல்ல நின்னு கதவைத் தடவிக்கிட்டே இருந்த. நம்ம கதவு, யாரும் தட்டாம வரமுடியாதுன்னு சொன்ன. சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்ச." அவர் பார்வை வாசற்கதவுக்குப் போயிற்று. "எல்லாத்துக்கும் பிரேக் போடறவன், அன்னைக்கு ஒரு நாள் போடல."

ஊசியம்மா விரலால் மாடியைக் காட்டினாள்.

"அவரைத் தொட்டியை எடுக்கச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். மழைக்கு முன்னாடி எடுத்துடறேன்னார். அவர் போனா வாடகை போகும். வாடகை போனா நம்ம வீடு போகும். முட்டு கொடுத்துச் சமாளிச்சுடலாம்னு..."

"மேல ஏரி. கீழ குழந்தை. நடுவுல உங்க சமாளிப்பு." அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன்" என்றான் தம்பி, மெல்ல. "மேஸ்திரியை வச்சு இன்னும் ரெண்டு முட்டு கொடுத்து, மேல பூசிட்டா, இந்த மாசத் தவணை கட்டற வரைக்கும்..."

"இது கார் இல்லடா."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு நேரே முன்பக்கம் போய், கீழ்வீட்டுப் பெண்ணிடம், "துணிமணி, பால்புட்டி, முக்கியமானதை மட்டும் எடும்மா. எங்க வீட்டுக்குப் போறோம். இப்பவே" என்றாள்.

"எத்தனை நாளைக்கு அக்கா?"

"தெரியாது. எங்க வீட்ல இருக்கிற வரைக்கும் வாடகை கேட்கமாட்டேன்." படிக்கட்டில் நின்ற மாடிவீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க தொட்டியெல்லாம் இன்னைக்கே இறங்கணும்."

அந்தச் சொல்லோடு இரண்டு வாடகையும் போயின என்பது அங்கிருந்த மூவருக்கும் விளங்கியது. ஓட்டுநர் அறைக்குள் நுழைந்தார். தொட்டிலை அவரே கழற்றித் தோளில் எடுத்துக்கொண்டார்.

மாடிவீட்டுக்காரர்தான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "ஒரேடியா தண்ணியை மாத்தினா செத்துடும்மா. அதுங்களுக்கு வேற இடம் ஏது?"

ஊசியம்மா தம்பியைப் பார்த்தாள். தம்பி தலையைச் சொறிந்தான்.

"என் கார் யார்டுல கொட்டகை இருக்கு. தொட்டியில இருக்கிற தண்ணியோடவே பீப்பாய்ல பிடிச்சுக்கலாம். மீனோட சேர்த்து இந்த ஆளையும் ஏத்திக்கறேன்" என்றான். "வாழ்க்கையில மீன் விக்கணும்னும் எழுதியிருக்கு போல."

பிற்பகல் முழுவதும் படியேறி இறங்கினார்கள். ஒவ்வொரு தொட்டியாக வற்ற வற்ற, அந்த முரற்சி ஒவ்வோர் இழையாக அறுந்தது. கடைசி மோட்டாரும் நின்றபோது, பழகிப்போன ஓசை ஒழிந்த வெறுமையில், வீடு முனகியது. நெடுநாள் சுமை சுமந்தவன் மூட்டையை இறக்கி வைக்கையில் அவன் எலும்புகள் முறுமுறுக்குமே, அப்படி ஓர் ஒலி. பின்னறையிலிருந்து வந்தது.

எல்லோரும் அங்கே ஓடினார்கள். முட்டுகள் அசையாமல் நின்றன. ஆனால் மூலையில், சுவரோடு பொருந்தியிருந்த பழைய அலமாரி பெயர்ந்து முன்னே சாய்ந்திருந்தது. அதன் பின்னே இன்னும் ஓர் இரும்புத்தூண். அடி தரைக்குள் புதைந்து, தலை கூரைப் பூச்சுக்குள் மறைந்து, மேனியெங்கும் சுவரின் நிறமே பூசப்பட்டு, அந்தப் பூச்சின் அடியில் துரு புண்ணைப் போல வெடித்திருந்தது.

"இதையும் நீங்கதானே வச்சீங்க?"

ஓட்டுநர் தூணின் அடியில் குனிந்து பார்த்தார். "நான் வச்சது நடுவுல இருக்கிற மூணுதான். இது... இதை நான் இப்பதான் பார்க்கறேன்."

அவர்கள் மாடிவீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் தலையை அசைத்தார். "நான் இங்க வந்தே நாலு வருஷம்தாங்க ஆகுது. இந்தத் துருவைப் பாருங்க."

மீன்கள் வருவதற்கு முன்பே இந்த வீடு எதற்கோ முட்டுக் கேட்டிருக்கிறது. கேட்டதை அறிந்த யாரோ ஒருவர், முட்டையும் கொடுத்து, அதற்குச் சாயமும் பூசி, முன்னால் ஓர் அலமாரியையும் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

ஊசியம்மா அந்தத் துருவைத் தொடவில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கடைசியாகத் தான் வந்து கதவைப் பூட்டினாள்.

அப்போது முதல் துளி விழுந்தது.

* * *

விளக்கு வைக்கும் நேரம். இரண்டறை வீட்டில் ஓர் அறையைக் கீழ்வீட்டுப் பெண்ணுக்கு ஒழித்துக் கொடுத்தாயிற்று. அவள் கணவன் வேலைக்குப் போய்விட்டான். தூங்க மாட்டாமல் சிணுங்கிய குழந்தை, முரற்சி இல்லாத அமைதிக்கு மெல்லப் பழகி, கடைசியில் கண்ணயர்ந்தது. வெளியே மழை, தான் அடக்கி வைத்ததையெல்லாம் சொல்லித் தீர்த்துக்கொண்டிருந்தது.

ஊசியம்மா அகல்விளக்கைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, திரியைத் தூண்டி ஏற்றினாள். ஓட்டுநர் பின்னால் வந்து நின்றார்.  அவர் பையிலிருந்து, வாங்கிய வீட்டின் சாவிக்கொத்தை எடுத்தார்; மனைவியிடம் நீட்டவில்லை. விளக்கின் முன்னே, சுடர் படும் இடத்தில், ஓசைப்படாமல் வைத்துவிட்டுக் கைகுவித்தார்.

அவள் அந்தச் சாவியை நோக்கினாள். பிறகு கணவரை நோக்கினாள். மன்னித்தாள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவர் பக்கத்தில் நிற்பதற்கு இடம் விட்டு, சற்றே நகர்ந்தாள். இருவருமாகக் கண்மூடினார்கள். பொருளைக் கொடு என்று அவள் கேட்கவில்லை. மழை நிற்கும்வரை அந்தச் சுவர்களை நிற்க வை, அதனடியில் இனி யார் தலையையும் வைக்காதே என்று மட்டும் கேட்டாள்.

கண் திறந்தபோது, கீழ்வீட்டுப் பெண் அறை வாசலில் நின்றாள். விரலில் புடவைத்தலைப்பைத் திருகினாள்.

"நான் உங்களைவிட சின்னவ. ஆசீர்வாதம் பண்ற வயசில்லக்கா. இருந்தாலும் சொல்றேன்." சுடரைப் பார்த்தபடியே சொன்னாள். "என் பிள்ளை தலைக்கு மேல விழ இருந்ததை நீங்க உங்க தலையில ஏத்துக்கிட்டீங்க. உங்க கூரை எப்பவும் இறங்கக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்."